தகட்டுக்குப் பின்னால் ஓர் அங்குலம்

மில் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணடி என்றால்தான் தெரியும். கணப்பு அடுப்பு பொருத்துவது அவர் தொழில். வருஷத்தில் ஆறு மாதம் எலும்புவரை குளிர் இறங்குகிற ஊரில், பலகைச் சுவர் வீடுகளில், விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு இல்லாமல் குடித்தனம் நடக்காது. அந்த அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி இடம் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்பார். "மூணடி. அதுல ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் நான் கை வெக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று மடக்கு ஸ்கேலை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். வேறு ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்றடியை அடுப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் கட்டிலை எங்கே போடுவது, கூரையிலா? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. சுவரில் தகடு அடிப்பார். தகட்டைச் சுவரோடு ஒட்டி அடித்தால் ஒன்றுக்கும் உதவாது. வாங்கிய சூட்டை அப்படியே பலகைக்குக் கொடுத்துவிடும். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் விடவேண்டும், கீழேயும் மேலேயும் திறந்து வைக்கவேண்டும். கீழே நுழைகிற குளிர்ந்த காற்று சூட்டை வாரிக்கொண்டு மேல்வழியாகப் போய்விடும். அப்படிச் செய்தால் மூன்றடி ஓரடியாகக் குறையும். எல்லாம் முடித்து, அடுப்பை நன்றாக எரியவிட்டு, வீட்டுக்காரம்மாவின் விரலைத் தகட்டுக்குப் பின்னால் விட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

"சுடுதா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானில் கொஞ்சம் கர்வம் இருக்கும். இருக்கட்டுமே. நாற்பத்திரண்டு வீட்டில் சொன்ன வார்த்தை.

அந்த ஓர் அங்குலத்தைத் தாங்கிப் பிடிக்க அவர் வைத்தது பாபின் கட்டை. மில்லில் நூல் சுற்றித் தேய்ந்துபோன மரக் கட்டைகளை மூட்டை மூட்டையாகப் பின்புறம் கொட்டி வைப்பார்கள். ஓர் அங்குலத் துண்டாக அறுத்தால் போதும். நடுவில் துளை ஏற்கெனவே இருக்கும், ஸ்க்ரூ அதில் கச்சிதமாக நுழையும். இதற்கென்றே செய்து வைத்த மாதிரி. அது தோன்றிய அன்றைக்கு அவர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். கை வைத்தால் சுடாத இடத்தில் இருக்கிற மரம் எப்படி எரியும் என்பது அவர் கணக்கு.

குளிர் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது தையல்காரர் வீட்டில் கூப்பிட்டார்கள். சுவருக்கு வர்ணம் அடிக்கப் போகிறார்களாம், தகட்டைக் கழற்றித் தர வேண்டுமாம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் அடித்த தகடு. நடு ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்ததும் அது பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றியது. இழுத்தார். தகடு கையோடு வந்துவிட்டது, கூடவே கட்டையும்.

கட்டை கறுப்பாக இருந்தது. இரண்டு விரலால் அமுக்கினார். கரியாகப் பொடிந்து பாதி தரையில் கொட்டியது. சுவரில் அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். கத்தி முனையால் சுரண்டினார். பலகை தாண்டி உள்ளே இருக்கும் சட்டம்வரை கறுப்பு போயிருந்தது.

தகட்டைக் காற்று ஆற்றிவிடும், சரி. ஸ்க்ரூவை யார் ஆற்றுவது? தகட்டில் இருக்கிற சூடு ஸ்க்ரூ வழியாகக் கட்டைக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அப்படி மெல்ல வறுபட்டுக் கரியாகிப்போன மரத்துக்கு நெருப்பே வேண்டாம். ஒருநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடுப்பு எரிந்தால் சுவருக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். இடைக்கட்டை எரியாத பொருளாக இருக்கவேண்டும், அடுப்புக்கு நேர் பின்னால் ஸ்க்ரூவே வரக்கூடாது என்று தொழிலுக்கு வந்து சில வருஷம் கழித்து லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் அச்சடித்திருந்தது. படித்தார், பாஸும் செய்தார். பாபின் கட்டைக்கு இது பொருந்தாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அப்புறம்தான் அண்ணன் வீடு நினைவுக்கு வந்தது. அங்கேயே, தையல்காரர் வீட்டுத் தரையில், உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பகல் வேளை. அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். குளிரில் நடுங்கி வந்தவராயிற்றே என்று அண்ணி அடுப்பு நிறைய விறகைப் போட்டுவிட்டு, சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அரைமணி நேரம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே புகை தெரிந்தது. அண்ணனை வெளியே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

தீயணைப்பு அதிகாரி விசாரிக்க வந்தார். சாம்பலுக்குள் துணி காயப்போடும் கம்பி ஒன்று அடுப்புப் பக்கம் சுருண்டு கிடந்தது. குடியிருப்பே சுற்றி நின்றது. அடுப்பு பொருத்திய ஆள் யார் என்று கேட்டதும் மூணடி முன்னால் போனார். அழுது வீங்கிய முகத்தோடு ஸ்கேலைப் பிரித்து, எரிந்து நின்ற சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே வைத்து அளந்து காட்டினார். அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"என் வேலையில தப்பு இல்ல சார். அடுப்புகிட்ட துணி எதையாவது காயப்போட்டிருக்கணும்" என்றார்.

"நான் போடலியே, தம்பி" என்றாள் அண்ணி.

அவர் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, கனிவாகத்தான் சொன்னார். "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க, அண்ணி."

அதிகாரி அதை எழுதிக்கொண்டு போனார். அண்ணி முதல் மாதம் எல்லாரிடமும் "போடல" என்றாள். அப்புறம் "போட்டேனோ என்னவோ" என்றாள். வருஷம் திரும்புவதற்குள் "போட்டுட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். குடியிருப்புக்குப் புது மருமகள் யார் வந்தாலும் அவளே தேடிப் போய், அடுப்புகிட்ட துணி போடாதம்மா, நான் போட்டுத்தான் என் வீட்டுக்காரரைத் தின்னேன் என்று சொல்லிவிட்டு வருவாள். மில் கேட்டுக்கு எதிரே மாடியில் ஒற்றை அறை அவளுக்கு. குடியிருப்பிலேயே அடுப்பு இல்லாத வீடு அது ஒன்றுதான்.

மூணடி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லா வீட்டுலயும் கட்டையை மாத்திடுங்க. குளிர் வரதுக்குள்ள மாத்திடுங்க. ஆனா வாயத் தெறக்காதீங்க."

"அண்ணிகிட்ட?"

"அவங்ககிட்ட சொல்லி? உங்க அண்ணன் எந்திரிச்சு வந்துடுவாரா? பாவம், அவங்களே ஒருவழியா தேறி, ரெண்டு வாய் சாப்பிடறாங்க. நீங்க போய்க் கெளறாதீங்க. பெரியவன் கல்யாணப் பேச்சு வேற நடக்குது."

நியாயமாகத்தான் பட்டது. தனக்கு வசதியானது நியாயமாகப் படுவதில் என்ன அதிசயம்? இரும்புக் குழாயை ஓர் அங்குலத் துண்டுகளாக அறுத்துப் பையில் நிரப்பிக்கொண்டு மறுநாளே கிளம்பினார். துரு பிடித்திருக்கும், ரொம்ப வருஷம் ஆச்சு, ஒருதடவை பாத்துடறேன் என்று சொல்லித் தகட்டைக் கழற்றி, மரக் கட்டையை எடுத்துவிட்டு, கருகிய இடத்தை வெட்டி எறிந்து புதுப் பலகை வைத்து, அடுப்புக்கு நேர் பின்னால் வராதபடி ஸ்க்ரூவை ஓரமாகத் தள்ளிக் குழாய்த் துண்டோடு முடுக்கினார். தையல்காரர் வீட்டையும் சேர்த்து மூன்று வீடு முடிந்தது. எல்லாரும் டீ கொடுத்தார்கள். இந்தக் காலத்துல யாருங்க இப்படி வீடு தேடி வந்து பாப்பாங்க என்றார்கள்.

நாலாவது வீடு கம்பவுண்டர் வீடு. கம்பவுண்டரின் மனைவி நல்ல மாதிரி, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவள். அவர் வேலை முடித்துப் பையைக் கட்டும்போது சொன்னாள்.

"நான் ரொம்ப உஷாருங்க. அடுப்புகிட்ட ஒரு கைக்குட்டை போட மாட்டேன். உங்க அண்ணி மாதிரி இருந்துட்டா அப்புறம் காலம்பூரா அழ வேண்டியதுதானே. பிள்ளைங்களுக்குக்கூட அவங்களக் காட்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

மூணடியின் பைக்குள் அந்த வீட்டுக் கட்டைகள் நாலு கிடந்தன, நாலும் கரி. அவர் சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேராக மில் கேட்டுக்கு எதிரே இருந்த மாடிப்படியில் ஏறினார்.

அண்ணி ஒரு ஸ்வெட்டர்மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றே வாரத்தில் வரப்போகிற குளிர் அந்த அறைக்கு மட்டும் முன்கூட்டியே வந்திருந்தது. "வாங்க தம்பி" என்று இருந்த ஒரே நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வயதில் பெரியவளானாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

அவர் ஒரு கட்டையை எடுத்து மேஜைமேல் காகிதத்தில் வைத்தார். வைக்கும்போதே அது உடைந்தது. சொல்லத் தொடங்கினார். ஸ்க்ரூ, சூடு, சுவருக்குள் இருக்கும் சட்டம், கரி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் வீட்டிலும் இதே கட்டைதான், அங்கே அடுப்பு மற்ற வீடுகளைவிட அதிகமாக எரிந்தது, அதனால் முதலில் பற்றியது என்றார். "துணியால இல்ல, அண்ணி. என்னால" என்று முடித்தார்.

அண்ணி வேறு யார் வீட்டுக் கதையையோ கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல தம்பி. நான்தான் போட்டேன்."

"அண்ணி..."

"நீலச் சட்டை. உங்க அண்ணனோட நல்ல சட்டை. வலது கையில பட்டன் போயிடுச்சுன்னு வெள்ளப் பட்டன் ஒண்ணு வெச்சு நான்தான் தெச்சேன். அன்னைக்குக் காலையில தொவச்சுக் கம்பியில போட்டேன். சொட்டுச் சொட்டா அடுப்பு மேல விழுந்து சொய் சொய்னு சத்தம் கேட்டுச்சு. கடைக்குப் போற அவசரத்துல அப்படியே விட்டுட்டேன். எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. எனக்காகப் பழிய உங்க தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க."

"இதோ வரேன், அண்ணி" என்று மூணடி எழுந்து படியிறங்கினார்.

வீட்டில் டிரங்குப் பெட்டியை இழுத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். மனைவி ஓடிவந்து, என்னங்க தேடறீங்க என்றாள். பெட்டியின் அடியில் இருந்தது. லைசென்ஸ் பரீட்சைக்குப் போக நல்ல சட்டை இல்லையென்று அண்ணனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை. துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்தபோதுதான் வீடு எரிந்தது. அதற்குப் பிறகு யாரிடம் கொடுப்பது? வலது கைமுனையில் வெள்ளைப் பட்டன். மனைவி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்துவிட்டாள்.

சட்டையை அண்ணியின் மடியில் வைத்தார். அவள் பிரிக்கவில்லை. கைமுனையை மட்டும் தேடி எடுத்து, அந்தப் பட்டனைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்டுப் பெட்டியில."

"எப்பலேர்ந்து?"

"தீப்பிடிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாலேர்ந்து."

"அப்ப அந்தச் சத்தம்?"

"கேட்டிருக்காது, அண்ணி."

"எனக்கு இப்பவும் கேக்குதே" என்றாள் அவள்.

அப்புறம் அழுதாள். பதினோரு வருஷம் அவள் அழுது அவர் பார்த்திருக்கிறார். இது அந்த அழுகை இல்லை. சட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமே வராமல், உடம்பு மொத்தமும் குலுங்க அழுதாள். அவர் எழுந்து நின்று எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீ சொன்னே" என்றாள். அவள் அவரை நீ என்றது அதுதான் முதல் தடவை. "நீ அளந்தா தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அப்ப என் தலைக்குள்ள இருக்கறதுதான் தப்புன்னு நெனச்சுட்டேன். ஒரு சட்டையைத் தேடிப் புடிச்சு, நானே எடுத்துக் கம்பியில போட்டுக்கிட்டேன். அதுக்குச் சத்தம் வேற."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு..."

"கட்டை வெச்சது நீ தெரியாம செஞ்சது. அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கும் அவர் அண்ணன்தான். ஆனா அத்தன பேர் நடுவுல நின்னு, குனிஞ்சு, மெதுவா சொன்னே பாரு. அது தெரியாம செஞ்சதா?"

அவர் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கால்ல எல்லாம் விழாத. எந்திரி. இன்னும் எத்தனை வீடு?"

"அண்ணன் வீடு போக நாப்பத்தொண்ணு. நாலு முடிச்சுட்டேன்."

"என்ன சொல்லி முடிச்சே?"

அவர் தரையைப் பார்த்தார். "துரு பாக்கறேன்னு."

"அந்த நாலுலேர்ந்தே திரும்ப ஆரம்பி. நானும் வரேன்." சட்டையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். செருப்பைத் தேடி, மாட்டுவதற்கு ஒற்றைக் காலில் நின்றாள். அவர் பிடிக்கப் போனார், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கம்பவுண்டர் வீடு. கதவைத் திறந்தவள் இருவரையும் சேர்ந்து பார்த்ததும் திகைத்தாள். மூணடி வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். பையிலிருந்து அவள் வீட்டுக் கட்டையை எடுத்துக் காட்டினார். இது உங்க சுவருக்குள்ள இருந்துச்சும்மா, நான் வெச்சது, அண்ணன் வீட்டுலயும் இதுதான் எரிஞ்சுது, அண்ணி துணி எதுவும் போடல, நான்தான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன் என்றார். ஒரு வார்த்தையும் விடவில்லை.

கம்பவுண்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அய்யோ, என்னக்கா இது" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். மூணடியை ஒரு பார்வை பார்த்தாள். தன் வீட்டு அடுப்பைப் பதினான்கு வருஷமாக நம்பி எரித்துக்கொண்டிருப்பவள் அவள். பிறகு அண்ணி பக்கம் குனிந்து, மெதுவாக, கனிவாகச் சொன்னாள்.

"இருந்தாலும்க்கா, ஒரு சின்னத் துணிகூடவா போட்டிருக்க மாட்டீங்க? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

அண்ணி திரும்பி மூணடியைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"போடல" என்றார் இரண்டாவது முயற்சியில். கம்பவுண்டரின் மனைவி காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி, "அவங்க போடலம்மா!" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"சரிங்க, சரிங்க. எதுக்குக் கத்தறீங்க? பதினோரு வருஷம் ஆச்சு, இனிமே பேசி என்ன ஆகப்போகுது" என்றாள் கம்பவுண்டரின் மனைவி. குளிர்காற்று உள்ளே வருகிறதென்று கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். தெருவின் இருபக்கமும் வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரிப் புகைக்குழாய்கள். எல்லா வீட்டிலும் கம்பியில் அண்ணி போடாத அந்தத் துணி தொங்கிக்கொண்டிருப்பது இப்போதுதான் மூணடிக்குத் தெரிந்தது. கட்டையை மாற்ற ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். இதை எந்த ஸ்க்ரூவைக் கழற்றி எடுப்பது?

"நாளைக்குப் பாத்துக்கலாமா, அண்ணி? உங்களுக்கு முடியல" என்றார்.

"இன்னும் நாப்பது இருக்கு" என்றாள் அண்ணி. சட்டையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள்.